செவ்வாய்க்கிழமை எழுதாத லெட்டர்

எங்க பேட்ச்ல ஒருத்தியை நாங்க "தபால் ஆபீஸ்"னுதான் கூப்பிடுவோம். யார் வந்தாலும் ஒரு லெட்டர் எழுதி வேற டாக்டர்கிட்ட அனுப்பிடுவா. முழங்கால் வலின்னா எலும்பு டாக்டருக்கு, தலை சுத்துதுன்னா காது டாக்டருக்கு, பாதத்துல ஆறாத புண்ணைப் பார்த்துட்டா சர்க்கரை டாக்டருக்கு. "அப்ப நீ எதுக்குடி நாலு வருஷம் பிசியோ படிச்ச? நேரா தபால் ஆபீஸ்லயே சேர்ந்திருக்கலாமே"ன்னு முதல்ல சொன்னவ நான்தான். பேரு ஒட்டிக்கிச்சு. அவ பாவம், சிரிச்சுக்குவா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், வீட்லயும் அதுக்குத்தான் தினம் திட்டு வாங்குவேன்.

பிசியோ படிக்கிறவங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு எரிச்சல் இருக்கும். "ஓ, மசாஜ் படிக்கிறியா?"ன்னு கல்யாண வீட்ல கேப்பாங்க. "கரன்ட்டு வைக்கிற பொண்ணு"ம்பாங்க. எம்.பி.பி.எஸ். கிடைக்காமத்தான் இதுக்கு வந்தேன்னு எங்க பெரியப்பா பத்து பேர் நடுவுல சொன்னார். அந்த எரிச்சல்ல நான் ஒரு வைராக்கியம் வச்சிருந்தேன். எங்கிட்ட வர்றவங்களை என் கையாலயே குணமாக்கி அனுப்பணும். லெட்டர் எழுதினா தோத்துட்டேன்னு அர்த்தம். மூணு மாசமா ஒரு லெட்டர்கூட எழுதாம ஓட்டியிருந்தேன். அதைப் பெருமையா வெளியிலயும் சொல்லிக்குவேன்.

காலேஜ் தஞ்சாவூர்ல. இன்டர்ன்ஷிப் வருஷத்துல செவ்வாயும் வெள்ளியும் குடவாசல் பக்கத்துல ஒரு ஊர்ல முகாம். சமுதாயக் கூடத்துல மூணு கட்டில், நடுவுல துணித் தட்டி, கரன்ட்டு மெஷின் ஒண்ணு, ஒத்தடம் குடுக்குற ஹாட் பேக்கைக் காய்ச்ச ஒரு பெரிய பாத்திரம். நானும் தபால் ஆபீஸும்தான் பார்த்துக்கணும். எங்க சார் சாயங்காலம் வந்து, எழுதி வச்ச ஷீட்டையெல்லாம் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டுப் போவார். அந்த முகாம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்க ஊர் அங்கேருந்து பக்கம்தான். எங்கப்பா குத்தகைக்கு நிலம் பார்க்குறவர், எங்கம்மா இன்னைக்கும் நடவுக்கு இறங்குறவங்க. வர்ற ஜனங்க என்ன சொல்றாங்கன்னு டவுன்ல வளர்ந்த தபால் ஆபீஸுக்கு நான்தான் விளக்கிச் சொல்லணும். "கடுக்குதுன்னா ஒண்ணு, குடையுதுன்னா வேற"ன்னு பாடம் எடுப்பேன். அந்தத் தெனாவட்டு வேற.

சம்பா நடவு நேரம். ஒரு வெள்ளிக்கிழமை அந்த அக்கா வந்தாங்க. நாப்பது தாண்டியிருக்கும். அவங்க ஊர்ல நடவு நடுற பொம்பளைங்க பதினாலு பேர் சேர்ந்த கொத்துக்கு அவங்கதான் ஆள் சேர்க்குறது, எந்த வயலுக்கு எந்த நாள்னு முடிவு பண்றது எல்லாம். வந்ததும் வராததுமா, "ஏம் பாப்பா, இந்த இடுப்பைக் கழட்டி வேற மாட்டித் தருவீங்களாமே"ன்னாங்க. எனக்கு அவங்களை அந்த நிமிஷமே பிடிச்சுப் போச்சு.

இடுப்பு வலி, வலது கால் வரைக்கும் இழுக்குது. நாள் பூரா குனிஞ்சு நடுறவங்களுக்கு வராம என்ன பண்ணும்? முதுகு வலின்னு வர்றவங்ககிட்ட கண்டிப்பாக் கேக்க வேண்டிய கேள்விகள்னு ஒரு ஷீட் இருக்கு. காய்ச்சல் இருக்கா, எடை குறைஞ்சுதா, கால் ரெண்டும் மரத்துப் போகுதா, உட்கார்ற இடத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கா, ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போறதுல சிரமம் இருக்கா. ஏதாவது ஒண்ணுக்கு ஆமான்னு வந்தா நம்ம கையில வச்சுக்கக் கூடாது, உடனே பெரிய ஆஸ்பத்திரி. தண்டுவடத்துக்குக் கீழ நரம்புக் கொத்து நசுங்கினா அப்படி ஆகும், அன்னைக்கே ஆபரேஷன் பண்ணலன்னா போன உணர்ச்சி திரும்பாமலே போயிடலாம். இதெல்லாம் எனக்குத் தலைகீழாத் தெரியும். பரிட்சையில பத்துக்கு ஒம்பது வாங்கின கேள்வி அது. அன்னைக்குக் கேட்டேன், எல்லாத்துக்கும் இல்லைன்னுதான் வந்துச்சு. ஒத்தடம் குடுத்து, கரன்ட்டு வச்சு, நாலு பயிற்சி சொல்லிக் குடுத்து அனுப்பினேன். நடவுக்குப் போகாதீங்கன்னும் சொன்னேன். "நல்லா சொன்ன போ"ன்னுட்டுப் போனாங்க.

செவ்வாய்க்கிழமை திரும்ப வந்தாங்க. ஒவ்வொரு தடவையும் கேள்விகளைத் திரும்பக் கேக்கணும்னு விதி. கேட்டேன்.

"கால் மரத்துப் போகுதாக்கா?"

"ரெண்டுமே மரமரங்குது. சேத்துலயே நிக்கிறேனே."

"உட்கார்ற இடம்?"

"அதையேன் கேக்குற. லோடு ஆட்டோ பலகையில பதினாலு பேரும் நெருக்கியடிச்சு உட்கார்ந்து போறோம். வண்டி போற போக்குல அங்கயும் மரத்துத்தான் கெடக்கு."

"ஒண்ணுக்குப் போறதுல ஏதாவது சிரமம்?"

அதுக்கு அவங்க சிரிச்சாங்க. "நடவுல இறங்கினவ ஒண்ணுக்குப் போறதை நீ எங்கயாவது பார்த்திருக்கியா? காலையில வீட்ல போனா, சாயங்காலம் கரையேறி வீட்டுக்கு வந்துதான். இப்பல்லாம் அதுகூட வர்றதில்ல. அடக்கி அடக்கி அதுக்கே மறந்து போச்சு."

நானும் சிரிச்சேன். எங்க பக்கம் யாரா இருந்தாலும் சிரிக்கத்தான் செய்வாங்க. கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் ஒரு மறைவு கிடையாது, வரப்புல ஆம்பளைங்க நடமாட்டம், பக்கத்து வயல்ல டிராக்டர். எங்கம்மா நடவு நாள்ல காலையில காபியைக்கூட பாதிதான் குடிப்பாங்க. தண்ணி குடிச்சா வரும், வந்தா எங்க போறது? கொத்துல இருக்கிற எல்லாப் பொம்பளைங்களும் அப்படித்தான். அது ஒரு நோயா, ஒரு குறையான்னு யாரும் நினைச்சதில்ல. அது ஒரு பழக்கம். அதனால ஷீட்ல அந்தக் கேள்விக்கு நேரா "இல்லை"ன்னு டிக் அடிச்சேன். மத்த ரெண்டுக்கும்கூட அப்படித்தான். சேறுன்னு ஒரு காரணம் இருக்கே, பலகைன்னு ஒரு காரணம் இருக்கே.

தட்டிக்கு அந்தப் பக்கம் தபால் ஆபீஸ் இதைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. அக்கா செருப்பு மாட்டப் போனப்ப எட்டிப் பார்த்து, "எதுக்கும் சாருக்கு ஒரு போன் போட்டுக் கேப்போமா?"ன்னா. "உனக்கு நடவுன்னா என்னன்னு தெரியுமா?"ன்னு கேட்டேன். அவ தட்டிக்கு அந்தப் பக்கம் போயிட்டா. எனக்கு அப்படிப் பேசினதுல ஒரு குஷி. சாயங்காலம் சார் வந்து ஷீட்டைப் பார்த்தார், எல்லாம் "இல்லை"ன்னு இருந்துச்சு, கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்தப்ப முகம் தெளிவா இருந்துச்சு. "வலி பாதி குறைஞ்சிடுச்சு பாப்பா, உன் கையில என்னமோ இருக்கு"ன்னாங்க. எனக்குத் தலைகால் புரியல. தபால் ஆபீஸ் காதுல விழட்டும்னு, "என்னக்கா சொன்னீங்க?"ன்னு சத்தமா இன்னொரு தடவை சொல்ல வச்சேன். அவங்க நடந்து வந்தப்ப வலது பாதம் தூக்க முடியாம தரையில சொத்து சொத்துன்னு விழுந்ததைக் கேட்டேன். கேட்டும் சந்தோஷத்துல தள்ளி வச்சேன்.

குப்புறப் படுக்க வச்சு இடுப்புல ஹாட் பேக் போட்டேன். முடிஞ்சு எடுத்துட்டு எழுந்திரிங்கன்னேன். எழுந்ததும் பார்த்தா விரிப்பு ஈரம். ஹாட் பேக்குல தண்ணி சொட்டும், அதுல அதிசயம் ஒண்ணுமில்ல. விரிப்பை உருவி எடுத்து மடிச்சேன். கைக்கு வந்தப்பத்தான் வாடை தெரிஞ்சுது.

அக்கா பக்கத்துலயே நின்னு கொசுவத்தைச் சரி பண்ணிக்கிட்டு, அவங்க ஊர்ல ஒரு நாத்தங்கால் வீணாப்போன கதையைச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்குத் தெரியவே இல்ல. சேலை பின்பக்கம் நனைஞ்சிருக்கு, தெரியல.

மடிச்ச விரிப்பைக் கட்டிலுக்கு அடியில தள்ளினேன். "உட்காருங்கக்கா"ன்னேன்.

"அக்கா, நீங்க ஒண்ணுக்கு அடக்குறீங்களா, இல்ல வரவே மாட்டேங்குதா?"

"என்ன பாப்பா, திரும்பத் திரும்ப அதையே கேக்குற?"

"சொல்லுங்கக்கா. அவசரமா வர்ற மாதிரி இருந்து அடக்குறீங்களா? இல்ல அந்த அவசரமே இல்லையா?"

அவங்க யோசிச்சாங்க. இதுவரைக்கும் யாரும் கேக்காத கேள்வி, அவங்களும் தன்னையே கேட்டுக்காத கேள்வி. "அடக்குறேன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்"னாங்க. அப்புறம், "சேலை எப்பப் பார்த்தாலும் நனைஞ்சே இருக்கு. வயத் தண்ணின்னு இருந்தேன்"னாங்க. விரல்ல நாளை எண்ணிப் பார்த்துட்டு, "நேத்து நடவுக்கு எங்க இறங்கினேன், நேத்து வீட்லதானே இருந்தேன்"னு தனக்குத்தானே சொன்னாங்க.

தட்டியை இழுத்து மறைச்சுட்டு, கால் விரல்ல இருந்து பஞ்சால தொட்டுக்கிட்டே போனேன். தெரியுதாக்கா, தெரியுது. இது தெரியுதா, லேசா. தொடைக்கு உள்பக்கமும் உட்கார்ற இடமும் வந்தப்ப, "எப்ப தொடப் போற?"ன்னு கேட்டாங்க. நான் தொட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

சாருக்குப் போன் போட்டேன். பாதி சொல்றதுக்குள்ளயே, "ஆம்புலன்ஸ் கூப்பிடு, பஸ்ல ஏத்தி விட்டுடாதே, லெட்டரை இப்பவே எழுது"ன்னார். தபால் ஆபீஸ் ஏற்கனவே ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கிட்டு இருந்தா.

லெட்டர் எழுத உட்கார்ந்தேன். என் முதல் லெட்டர். என்ன தொந்தரவு, எந்தக் காலு, எங்கெங்க உணர்ச்சி இல்லன்னு எல்லாம் எழுதிட்டேன். எப்போதிலிருந்துன்னு ஒரு வரி எழுதணும். இன்று காலை முதல்னு எழுதினேன். கை தானா எழுதுச்சுன்னு சொன்னா அது பொய். எழுதிட்டு அந்த வரியைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாச்சுங்கறதை வச்சுத்தான் அங்க டாக்டர் முடிவு எடுப்பார்னு எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமைன்னு எழுதினா என் ஷீட்ல இருக்கிற "இல்லை"யெல்லாம் பொய்யாயிடும், காலேஜ்ல மானம் போகும். தபால் ஆபீஸ் என் தோளுக்கு மேல எட்டிப் பார்த்துக்கிட்டு நின்னா. ஒரு வார்த்தை திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். நான் அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற தாள் எடுத்து, செவ்வாய் முதல், அதற்கும் முன்னால் இருக்கலாம்னு எழுதினேன்.

அக்கா போக மாட்டேன்னுட்டாங்க. "வலி குறைஞ்சிருக்குங்கிறேன், ஆஸ்பத்திரிக்குப் போங்கிற. நாளைக்கு நாலு மா நிலத்துல நடவு ஒத்துக்கிட்டு இருக்கேன். நாத்துக்கு வயசாயிட்டு இருக்கு. நான் போகலன்னா அந்தக் கொத்துல ஒருத்தி இறங்க மாட்டா. திங்கக்கிழமை போறேன்."

"திங்கக்கிழமை போய் என்னக்கா பண்ணுவீங்க?"ன்னு கத்திட்டேன். கூடத்துல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் அவங்க காதுகிட்ட குனிஞ்சு, விரிப்பு நனைஞ்ச விஷயத்தைச் சொன்னேன். "உங்களுக்கே தெரியாம போயிருக்கு. வலி குறைஞ்சதும் உணர்ச்சி போறதாலதான். இன்னைக்குப் போகலன்னா வாழ்நாள் பூரா இப்படியே ஆயிடலாம்." அவங்க கையைப் பின்னால கொண்டுபோய் சேலையைத் தொட்டுப் பார்த்தாங்க. கையை முகத்துக்கிட்ட கொண்டு வந்தாங்க. முந்தானையை இறக்கிப் பின்பக்கம் மறைச்சுக்கிட்டு ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் சுவரோரமாவே நின்னாங்க. அவ்வளவு பேசுறவங்க அப்படி நின்னது எனக்குத் தாங்கல. கட்டிலுக்குப் பின்னால போய் அழுதேன்.

தஞ்சாவூர்ல ஸ்கேன் எடுத்து அன்னைக்கே ஆபரேஷன் பண்ணிட்டாங்க. சார் என்னைத் திட்டினார், நல்லாவே திட்டினார். அந்தச் செவ்வாய்க்கிழமை ஷீட்ல அவர் கையெழுத்தும் இருந்துச்சு.

அதுக்கப்புறம் ஒரு மாசம் நானே பெரிய தபால் ஆபீஸ் ஆயிட்டேன். கழுத்துல சுளுக்குன்னு வந்தவரை நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பினேன், குதிகால் வலிக்கு ரத்த டெஸ்ட் எழுதச் சொல்லி லெட்டர் குடுத்தேன். ஒரு பெரியவர் தஞ்சாவூர் வரைக்கும் போய் அலைஞ்சுட்டு வந்து, "வேற செருப்பு வாங்கிப் போடச் சொல்றாங்க, இதைச் சொல்ல உனக்கு வாய் இல்லையா?"ன்னு சண்டை போட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அன்னைக்குத்தான் அவகிட்ட போய் உட்கார்ந்து, "நீ எப்படி முடிவு பண்ணுவே, யாரை அனுப்புறது, யாரை வச்சுக்கிறதுன்னு?"ன்னு கேட்டேன். அவ கொஞ்சம் வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னா. "எனக்கு இந்த ஊர்ப் பழக்கமெல்லாம் தெரியாதுல்ல. அதனால அவங்க என்ன சொன்னாலும் அப்படின்னா என்னன்னு இன்னொரு தடவை கேப்பேன். ரெண்டாவது தடவை வேற மாதிரி சொல்லுவாங்க." இத்தனை நாள் அவளைக் கிண்டல் பண்ணினவ நான். மன்னிச்சுக்கடின்னு சொல்லிட்டேன். அந்தப் பேரைச் சொல்லி அதுக்கப்புறம் அவளைக் கூப்பிட்டதில்ல.

ரெண்டு மாசம் கழிச்சு அக்கா காலேஜுக்கே பயிற்சிக்கு வர ஆரம்பிச்சாங்க. என்னைத்தான் கேட்டு வந்தாங்க. பாதம் நல்லா தேறிடுச்சு, மாடிப்படி ஏறுற அளவுக்கு வந்துட்டாங்க. ஒண்ணுக்கு மட்டும் தானா வரல. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சின்ன டியூப் வச்சு அவங்களே எடுக்கணும். அதை என்னால சொல்லிக்குடுக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில அதுக்குன்னே இருக்கிற நர்ஸுக்கு லெட்டர் எழுதினேன், அவங்க பொறுமையா சொல்லிக் குடுத்தாங்க. மலச்சிக்கலுக்கு சாப்பாடு சொல்ற மேடத்துக்கு ஒரு லெட்டர். ராத்திரி தூக்கம் வரல, அழுகையா வருதுன்னாங்க, மனநல டாக்டருக்கு ஒண்ணு. இந்த மூணு லெட்டர்லயும் எனக்குச் சந்தேகமே வரல.

ஒருநாள் பயிற்சி முடிஞ்சு உட்கார்ந்திருந்தப்ப சொல்லிட்டேன். "அக்கா, செவ்வாக்கிழமை நீங்க சொன்னப்பவே நான் அனுப்பியிருக்கணும். அனுப்பியிருந்தா இந்த டியூப் தேவைப்படாமலே இருந்திருக்கலாம். தப்பு என்னோடது."

அவங்க கால் விரலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"அங்க டாக்டரு எப்பலேருந்து எப்பலேருந்துன்னு துருவித் துருவிக் கேட்டாரு பாப்பா. அப்பவே புரிஞ்சுது. நாலு நாள் உன் மேல கோவமா வந்துச்சு, வாய்க்கு வந்தபடி திட்டினேன், நீ இல்ல, அதனால என் வீட்டுக்காரரு வாங்கிக் கட்டிக்கிட்டாரு."

"இப்ப?"

"இப்பவும் இருக்கு. எங்க போகும்? ஆனா நீ செவ்வாக்கிழமைன்னு எழுதிக் குடுத்தியாமே. அதைப் பார்த்துத்தான் அன்னைக்கே ஆபரேஷனுக்குத் தூக்கிட்டு ஓடினாங்களாம். அதனால ரெண்டும் இருக்கு."

எனக்குக் கண்ணு நிறைஞ்சுடுச்சு. அவங்க அதைக் கண்டுக்காம மஞ்சப் பையை எடுத்தாங்க. டியூப்பு, கை கழுவுற சோப்பு, சுத்தமான தண்ணி பாட்டில், ஒரு துண்டு, எல்லாம் அதுல இருந்துச்சு.

"இடுப்பு இப்ப தாங்குதுல்ல?"

"தாங்குதுக்கா. கொஞ்சம் கொஞ்சமா குனியலாம், அதுக்குப் பயிற்சி தர்றேன்."

"அப்ப குறுவைக்கு நடவுக்குப் போகலாமா? என்னைக் கேட்டுக்கிட்டே இருக்காளுங்க."

போகலாம்னு சொல்ல வாயெடுத்தேன்.

"நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா எடுத்தே ஆகணும்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. கை கழுவணும், உட்காரணும், யாரும் பார்க்கக் கூடாது. முன்னெல்லாம் அடக்கிக்குவேன். இப்ப அடக்குறதுக்கும் வழியில்ல. வயல்ல எங்க பாப்பா போவேன்?"

இடுப்புக்கு நான் இருக்கேன், டியூப்புக்கு நர்ஸ் இருக்காங்க, சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும்கூட ஆள் இருக்காங்க. இதுக்கு யாரு? பஞ்சாயத்தா, நிலத்துக்காரரா, கலெக்டர் ஆபீஸா? லெட்டர் பேடு மேஜை மேலயேதான் கிடந்துச்சு. "தெரியலக்கா"ன்னேன்.

"தெரியலன்னா விட்டுடாதே. யாரைக் கேக்கணுமோ கேட்டுச் சொல்லு"ன்னு பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாங்க.

அந்தக் குறுவை நடவும் முடிஞ்சுது, அடுத்த சம்பாவும் முடிஞ்சுது. அக்கா இன்னும் வயல்ல இறங்கல. நான் இன்னும் பதில் சொல்லல.